வாயில் வேண்டும், வரம்பும் வேண்டும்

இணையப் பக்கம் எழுதும் மொழிகளைக் கொண்டே மேசைக் கணினிக்குரிய செயலியையும் ஆக்கலாம் என்பது இன்று நம் மாணவர் நன்கறிந்த செய்தி. 2013ஆம் ஆண்டில் கிட்ஹப் நிறுவனத்தில் 'ஆட்டம் ஷெல்' என்னும் பெயரில் தோன்றி, 2015இல் 'எலக்ட்ரான்' எனப் பெயர் மாறிய சட்டகம் இதற்குப் பெருவழி வகுத்தது. குரோமியம் உலாவியையும் நோட்.ஜேஎஸ் என்னும் நிரல் இயக்கச் சூழலையும் அஃது ஒன்றாக இணைத்தது.

உலாவியில் விரியும் பக்கம் வேலிக்குள் நிற்பது. பயனர் தாமே தேர்ந்து கொடுத்தாலன்றிக் கணினியின் கோப்புகளை அது தொட இயலாது. எலக்ட்ரான் செயலியோ கோப்புகளைப் படிக்கும், எழுதும், அழிக்கும், அறிவிப்புக் காட்டும், அச்சுப்பொறியை ஏவும். இவ்வாற்றலே தீது என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. எவ்வளவு கொடுப்பது என்பதே வினா.

எம் மாணவர் சிலர், பாய் நெய்யும் முதியோரிடம் கேட்டறிந்த தொழிற்சொற்களைப் பதிய இத்தகைய செயலி ஒன்றை ஆக்கினர். எளிமை கருதி, திரையில் தோன்றும் பக்கத்துக்கே கோப்புகளின்மீது முழு அதிகாரமும் அளித்தனர். ஒரு பதிவை நீக்கும் நிரலில் முகவரி பிழைபட்டது. கோப்புறை முழுவதும் அழிந்தது. அச்சுப்படிகளைக் கொண்டு பெரும்பகுதியை மீட்டோம். எஞ்சிய சொற்களைச் சொன்ன முதியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அச்சொற்களை இனி யாரிடம் கேட்போம்?

சட்டகத்தை ஆக்கியோரும் இவ்விடரை உணர்ந்தனர். 2019இல் வந்த 5ஆம் பதிப்பு முதல், பக்கத்துக்கு நோட் ஆற்றல் இயல்பாகக் கிட்டுவதில்லை. 2021இல் வந்த 12ஆம் பதிப்பு முதல், பக்கத்தின் நிரலும் இடைநின்று இணைக்கும் நிரலும் இயல்பாகவே தனித்து இயங்குகின்றன. கேட்டால் மட்டுமே வாயில் திறக்கும். ஆயினும் நிரலர் விரும்பினால் இக்காப்புகளை ஒரே வரியில் நீக்கிவிடலாம். ஆகவே பொறுப்பு நிரலரையே சாரும்.

நாம் வலியுறுத்துவது இது: கணினியைத் தொடும் ஆற்றல் முதன்மைச் செயல்முறையிடமே இருக்கட்டும். பக்கம் அதனிடம் 'சொல்லைச் சேமி', 'பட்டியலை அச்சிடு' என்பன போன்ற குறித்த வேண்டுகோள்களை மட்டும் விடுக்கட்டும். 'எதையும் அழி' என்னும் பொதுக் கட்டளை வேண்டா. வந்த முகவரி உரிய கோப்புறைக்கு உட்பட்டதா என முதன்மைச் செயல்முறை ஆராயட்டும். நீக்க வேண்டியதைக் குப்பைத் தொட்டிக்கு மாற்றட்டும், தவறினாலும் மீட்கலாம்.

இது கூடுதல் உழைப்பன்றோ எனச் சிலர் வினவலாம். ஆம், சில நாள் உழைப்பே. ஆனால் பிறர் தம் கணினியை நம்பி ஒப்படைக்கும்போது, அந்நம்பிக்கையைக் காப்பதும் நிரலரின் கடமையே. ஆற்றலைக் கற்கும் மாணவர், அதன் எல்லையையும் உடன் கற்பாராக.