தடித்த சுவர் மட்டும் போதாது



வெயில் காலத்தில் சுங்கை செம்பிலாங், ஜெராம் பக்கத்துத் தோட்டங்களில் யாரையாவது சுகம் விசாரித்துப் பாருங்கள். "ராத்திரி தூக்கமே இல்லீங்க, வீடு அடுப்பா கொதிக்குது" என்பார்கள். இதைச் சின்ன விஷயமென்று தள்ளிவிடக் கூடாது. பகலெல்லாம் வெயிலில் குலை வெட்டிச் சுமந்த உடம்பு இரவில்தான் சூடு தணிய வேண்டும். தணியாவிட்டால், மறுநாள் காலை பெரட்டுக்குப் போகும்போதே பாதி சக்தி போய்விடுகிறது. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியோர், இரத்த அழுத்தம், இனிப்புநீர், இருதய நோய் உள்ளவர் ஆகியோருக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். 9.4.1998இல் பெர்லிஸ் சுப்பிங்கில் வெப்பம் 40.1 டிகிரியைத் தொட்டது. இன்று மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரி அடித்தாலே வானிலை இலாகா எச்சரிக்கை விடுகிறது. ஆகவே வீடு எப்படிக் கட்டப்படுகிறது என்பதும் சுகாதாரப் பிரச்சினைதான்.

இப்போது "வெப்பம் புகாத சுவர்" என்று ஒரு முறையைப் பற்றிப் பேசுகிறார்கள். ஐ.சி.எப். என்பது அதன் சுருக்கப் பெயர். 1960களில் கனடாவில் உருவானது. மீன்காரர் மோட்டார் சைக்கிளில் கட்டிவரும் வெள்ளை ஐஸ் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதே வகைப் போலிஸ்திரின் நுரையால் உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்த கட்டிகளைப் பிள்ளைகள் விளையாட்டுக் கட்டை அடுக்குவது போல அடுக்குவார்கள். உள்ளே இரும்புக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றுவார்கள். மரப்பலகை அச்சாக இருந்தால் பிறகு கழற்றிவிடுவார்கள். இதில் நுரைக்கட்டி சுவரின் இரண்டு பக்கமும் அப்படியே நின்றுவிடும். சுவர் உறுதியானது, வெளிச்சத்தம் கேட்காது, வெயிலின் சூடும் சுலபத்தில் உள்ளே வராது. இதெல்லாம் உண்மைதான்.

ஆனால், ஐஸ் பெட்டி குளிர்ச்சியை உண்டாக்குகிறதா? இல்லை. உள்ளே வைத்ததைக் காக்கிறது. ஐஸ் வைத்தால் ஐஸ் கரையாது. சுடுசோறு வைத்தால் சோறு ஆறாது. வீடும் அப்படித்தான். குளிர்நாட்டில் உள்ளே மூட்டிய அனல் வெளியே போகாமலிருக்க இந்தச் சுவர் உதவுகிறது. ஏர்கோன் போட்ட வீட்டில் குளிர் வெளியே போகாமல் காக்கிறது. நம் வீட்டில் ஏர்கோன் எங்கே இருக்கிறது? ஆறு பேர் படுக்கிறோம், உள்ளேயே அடுப்பு எரிகிறது, மேலே தகரம் காய்கிறது. காற்றுப் போக வழியில்லாமல் சுவரை மட்டும் தடிப்பாக்கினால், சூடு உள்ளேயே தங்கிவிடும். பழைய பலகை வீடு பகலில் சுட்டாலும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள்.

எனவே என் கருத்து இதுதான்: சுவரைப் பற்றிப் பேசுமுன் கூரையைப் பற்றிப் பேசுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் தலைக்கு மேலேதான் நிற்கிறது. ஒற்றை மாடி வீட்டில் கூரைதான் அதிகச் சூட்டை வாங்குகிறது. சிலாங்கூர் கட்டட உபவிதிகளின் 38ஏ பிரிவுகூடக் குடியிருப்பு வீடுகள் உட்படக் கூரைக்கு வெப்பத் தடை வேண்டுமென்கிறது. தகரத்துக்குக் கீழே வெப்பத் தடுப்பு விரிப்பு, அதன் கீழ் சீலிங், கூரையடிச் சூடு வெளியேற வழி, எதிரெதிர்ச் சன்னல்கள், மேற்குச் சுவரை மறைக்கும் நீண்ட தாழ்வாரம் ஆகியவற்றை முதலில் கேளுங்கள். இவை இருந்தால் சாதாரணச் செங்கல் வீட்டிலும் நிம்மதியாகத் தூங்கலாம். இல்லாவிட்டால் எந்தப் புதுச் சுவரும் உதவாது.

அப்படியும் புதுச் சுவர்தான் என்று நிர்வாகமோ குத்தகையாளரோ சொன்னால், நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, நம் கடலோரக் களிமண்ணில் இந்தக் கனத்தைத் தாங்க அடித்தளக் கம்பம் அடிக்கப்படுகிறதா? இரண்டு, நுரைக்குள் கரையான் கூடு கட்டாமல் தடுப்பு உண்டா? மூன்று, நுரை தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். அதை மூட உட்புறம் தீத்தாங்கும் பூச்சோ பலகையோ உண்டா? நான்கு, கான்கிரீட் சரியாக இறங்காமல் உள்ளே பொத்தல் விழுந்தால் வெளியே தெரியாது; ஊற்றும்போது பக்கத்தில் நின்று கண்காணிப்பவர் யார்?

ஏர்கோன் வைக்கும் கிளினிக்குக்கும் மருந்து அறைக்கும் இந்தச் சுவர் பொருத்தமாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. குடும்பம் தூங்கும் வீட்டுக்குக் காற்றோட்டமே முதல் மருந்து.

தோழர்களே, நல்ல வீடு யாரும் போடுகிற பிச்சையல்ல. தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1966லேயே சட்டம் வந்தது. 1990இல் புதிய சட்டம் வந்தது. 2019இல் அது திருத்தப்பட்டது. முதலாளி கொடுத்த வீடு பழுதானால் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், பிறகு சங்கத்திடம் சொல்லுங்கள், அதற்கும் பலனில்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. மேரி, மின்யாக், சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் பல்லாண்டு போராடித்தான் வீட்டுத் திட்டத்தைப் பெற்றன. அப்படிப் போராடி வாங்கும் வீடு வெந்து சாகும் வீடாக இருக்கலாமா? சாவி வாங்கும் நாளில் கேட்டுப் பயனில்லை. வரைபடம் போடும் நாளிலேயே கேட்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களும் போக வேண்டும். பகலில் அந்தச் சூட்டில் பிள்ளையோடு கிடப்பது அவர்கள்தானே.

அதுவரை, வெயில் நாளில் தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையை நீங்களே அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள்; அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தலைச்சுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் படுக்க வையுங்கள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 999க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.