பிள்ளை பார்க்கப் போகிறீர்களா? கையைக் காட்டுங்கள்!

எங்கள் குயிலாப்பாளையத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் போதும், தெருவே கிளம்பிவிடும். காலாப்பட்டோ ஜிப்மரோ, ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாகப் போய், பஸ் கம்பியைப் பிடித்த அதே கையால் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினால்தான் நம் மனசு ஆறும். "பாசம்தானே, என்ன தப்பு?" என்பீர்கள். பாசத்தில் தப்பில்லை சகோதரிகளே, கையில்தான்.

1847-ல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு நேரே பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களின் வார்டில்தான் தாய்மார்கள் ஜன்னி கண்டு அதிகம் செத்தார்கள். மருத்துவச்சிகளின் வார்டில் குறைவு. குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் அவரை நம்பவில்லையாம்!

அது அந்தக் காலம் என்று தள்ளிவிட முடியாது. 2008-ல் நம் விழுப்புரம் மாவட்டத்து ஜனங்களை இலவச முகாமிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துப் போய்க் கண்புரை ஆபரேஷன் செய்தார்கள். 66 பேருக்குப் பார்வை போயிற்று. காரணம் கிருமி. பார்வை வரும் என்று நம்பிப் போனவர்கள்! நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

ஆகவே ஊசி போடும்போது புது உறையைக் கண்ணெதிரே பிரிக்கிறார்களா பாருங்கள். போட்ட ஊசி வெள்ளை டப்பாவுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. (அதில் வாழைப்பழத் தோலைப் போடுவது நாம்தான்!) டிரிப்ஸ் ஏற்றும் இடம் சிவந்து வலித்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். "கை கழுவிட்டீங்களா சார்?" என்று டாக்டரைக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாமும் வளையலை மேலே ஏற்றிவிட்டு, சோப்புப் போட்டு, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் 40 வினாடியாவது தேய்க்க வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் போகவே வேண்டாம். தாயின் கட்டிலில் உட்காராதீர்கள்.

தொப்புள்கொடியில் சாம்பல், விளக்கெண்ணெய், மஞ்சள் எதுவும் கூடாது. டாக்டர் மருந்து சொன்னால் சரி. இல்லாவிட்டால் காய்ந்து தானே விழட்டும். இதைச் சொன்னதற்குப் பக்கத்து வீட்டு ஆயா, "நாங்கள்லாம் சாம்பல் வெச்சுப் பிள்ளை வளக்கலையா?" என்று மடக்கினார். "எத்தனை தங்கிச்சு ஆயா?" என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. பிறந்த பத்து நாளுக்குள் இரண்டைப் பறிகொடுத்தவர் அவர்.

வீட்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.