உலா போவோமா? – டர்ஹாம்



பிள்ளையின் பட்டமளிப்பு விழா என்றும், உறவினர் அழைப்பு என்றும் இங்கிலாந்துக்குப் பயணப்படும் நம்மவர் இன்று எத்தனையோ பேர். அவர்களில் பலர் இலண்டனைச் சுற்றிப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். கையில் இரண்டு நாள் மிச்சமிருந்தால் வடக்கே டர்ஹாம் நகருக்குப் போய்வாருங்கள். கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் இரயில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம்.

சன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். டர்ஹாம் நிலையத்தை நெருங்கும்போது, 1857ஆம் ஆண்டின் உயரமான பாலத்தின்மேல் இரயில் செல்லும். கீழே ஊர், எதிரே குதிரை லாடம்போல வியர் ஆறு வளைத்துக்கொண்ட குன்று, அதன் உச்சியில் பேராலயமும் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இவ்விரண்டும் 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. கோட்டையில் இப்போது பல்கலைக்கழக மாணவர்கள் தங்கியிருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம்.

பேராலயத்தை 1093இல் தொடங்கி 1133இல் முடித்தார்கள். தூண் ஒவ்வொன்றும் நம்மூர் ஆலமரத்தின் அடிமரம் போலப் பருமன். விலா எலும்புகள்போல் கல் வளைவுகள் தாங்கும் கூரையை அண்ணாந்து பாருங்கள். அத்தகைய கற்கூரைகளில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. கிழக்குக் கோடியில் புனித கத்பர்ட்டின் சமாதி. மேற்குக் கோடியில் 735இல் மறைந்த வரலாற்றாசிரியர் பீடின் சமாதி. உள்ளே போகக் கட்டணமில்லை. உண்டியலில் மனம்போலக் காணிக்கை போடலாம். முட்டிவலி இல்லாதவர்கள் கட்டணம் செலுத்திக் கோபுரத்தின் 325 படிகளையும் ஏறிப் பார்க்கலாம்.

இவையெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். நான் உங்களைத் தேடச் சொல்வது வேறு நான்கை.

முதலாவது, வடக்கு வாசல் கதவில் சிங்கமுகம் வாயில் கவ்வியிருக்கும் வளையம். இப்போது தொங்குவது நகல். அசல் உள்ளேயுள்ள காட்சிக்கூடத்துக்கு உரியது. அக்காலத்தில் குற்றம் புரிந்தவன் ஓடிவந்து இவ்வளையத்தைத் தட்டினால், துறவிகள் அவனுக்கு 37 நாள் அடைக்கலம் தருவார்கள். அதற்குள் அவன் சமாதானம் தேட வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

இரண்டாவது, தரையில் பதித்த கருங்கோடு. துறவிகள் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக்கூடாது. சகோதரிகளே, இன்று நீங்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்!

மூன்றாவது, தெற்குப் பக்கத்திலுள்ள பெரிய கடிகாரம். 1650இல் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஏறத்தாழ 3,000 பேரை இப்பேராலயத்தில் அடைத்தார்கள். குளிரிலும் நோயிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குளிர்காய அவர்கள் உள்ளிருந்த மரச்சாமான்களை எரித்தார்களாம். ஆனால் தங்கள் நாட்டுச் சின்னமான முட்பூ செதுக்கியிருந்ததால் கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள் என்பது செவிவழிக் கதை. இறந்தோரில் சிலரின் எலும்புகள் 2013இல் பக்கத்திலேயே கிடைத்தன. அடைக்கலம் தந்த அதே வீடு சிறையாகவும் இருந்திருக்கிறது.

நான்காவது, நிலக்கரிச் சுரங்கங்களில் உயிரிழந்த தொழிலாளர்களின் நினைவிடம். அருகில் ஒரு சுரங்க விளக்கு. அரசர்களையும் ஆயர்களையும் போற்றும் இடத்தில் பாட்டாளிக்கும் ஓர் இடம்!

ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை அங்கே இருக்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். 1871இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் பெருவிழா அன்றுதான். சிற்றூர் சிற்றூராகப் பேண்டு வாத்தியத்தோடும் வண்ணப் பதாகையோடும் ஊர்வலம் ஆற்றங்கரைத் திடலுக்குப் போகும். பிற்பகலில் புதிய பதாகைகளுக்குப் பேராலயத்தில் ஆசி வழங்குவார்கள். சுரங்கத்தில் அவ்வாண்டு உயிர்ச்சேதம் நேர்ந்திருந்தால், பதாகையில் கறுப்புத் துணி போர்த்தி வருவது பழைய வழக்கம்.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கம் 1993இலேயே மூடப்பட்டுவிட்டது. வேலை போயிற்று, விழா போகவில்லை. தாத்தா கரி வெட்டிய சுரங்கத்தின் பதாகைக்குப் பின்னால் பேரப்பிள்ளைகள் நடக்கிறார்கள். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, ஆளுக்கொரு பட்டணம் போன பின்பும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டித் திரும்பும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளை அழைத்துப் போகிறோமா என்பதுதான் கேள்வி.

போவோருக்குச் சில குறிப்புகள்: தெருக்கள் மேடுபள்ளமானவை, கல் பாவியவை; நல்ல சப்பாத்து அவசியம். பெருவிழா வாரத்தில் தங்க அறை கிடைப்பது அரிது. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கோடையில் எல்வெட் பாலத்தடியில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும்; பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆசியக் கலைப்பொருள்களைக் காண விரும்புவோர் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மாலையில் பாடற்குழுவினர் பாடும் வழிபாடு நடக்கும்போது பேராலயத்தில் சற்று அமர்ந்திருங்கள். எந்தச் சமயத்தவரும் அமரலாம்.

மறவாமல் வடக்கு வாசல் வழியாகவே போங்கள். அந்த வளையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கதையையும் சொல்லுங்கள்.