கடற்சிங்கமும் ஆவுளியாவும்

கடல்வாழ் விலங்குகளோடு கூடி நீந்துதல் இன்று உலகெங்கும் ஒரு நாகரிகமாகிவிட்டது. கலிபோர்னியா, கலாபகசுத் தீவுகள், தென் அவுத்திரேலியா முதலிய குளிர்நீர்க் கரைகளில், தடித்த இறப்பர் உடை அணிந்து, காற்றுக் கலனை முதுகிற் கட்டிக்கொண்டு கடற்சிங்கங்களிடையே சுழியோடுவதைப் பிறவிப்பயன் என்று உல்லாசப் பயணத் துறையினர் விளம்பரம் செய்கின்றனர். அவ்விளம்பரத்தின் நிழல் இப்போது புத்தளம் மாவட்டக் கரையிலும் விழுந்திருக்கிறது. கடற்சிங்கம் இல்லாத கடலில் அதன் இருக்கையில் ஓங்கில் அமர்த்தப்பட்டுள்ளது. கற்பிட்டிக்கு வருவோர் ஓங்கில்களைத் துரத்திச் சென்று பார்த்துவிட்டு, கடலை நேசிக்கக் கற்றுக்கொண்டதாகக் கூறித் திரும்புகின்றனர். இது நேசமன்று, வேடிக்கை என்பதே எமது வாதம். இவ்வேடிக்கையின் இரைச்சலில் இதே கரைக்கு உரிய இன்னொரு விலங்கு ஓசையின்றி அழிந்துகொண்டிருக்கிறது. அதற்காகவும் ஒரு குரல் எழுதல் வேண்டும்.

முதலிற் கடற்சிங்கத்தின் இயல்பை நோக்குவோம். அது மீன்வளம் மிக்க குளிர் நீரோட்டங்களைச் சார்ந்து வாழ்வது. கலாபகசு பூமத்தியரேகையிலேயே அமைந்திருந்தும் அங்கே கடற்சிங்கம் வாழ்வதற்குக் காரணம், அத்தீவுகளைத் தழுவும் குளிர்ந்த நீரோட்டங்களே. கரையேறிப் பாறைகளில் உறங்குவதும் குட்டி ஈனுவதும் அதன் வழக்கம். நீரினுள் அசையாதிருக்கும் சுழியோடியை இளங் கடற்சிங்கங்கள் தாமே தேடி வந்து சுற்றும், காலிலணிந்த துடுப்பைக் கவ்விப் பார்க்கும், சலித்ததும் போய்விடும். ஆகவே அங்கேயும் நெறியறிந்த சுழியோடி விலங்கை நாடிச் செல்வதில்லை. விலங்கே அவனை நாடி வருகிறது. நம்மவர் இறக்குமதி செய்தது காட்சியை மட்டுமே. அக்காட்சிக்கு உள்ளிருக்கும் இவ்வொழுக்கத்தை அன்று.

ஆலங்குடாக் கரையிலிருந்து, சோளகம் ஓய்ந்து கடல் அடங்கிய மாதங்களில், விடிந்ததும் படகுகள் புறப்படுகின்றன. அவை தேடிச் செல்வது பெரும்பாலும் துள்ளிச் சுழலும் ஓங்கில் இனத்தையே. இவ்வினம் பொதுவாக இரவில் ஆழ்கடலில் இரைதேடிப் பகலில் இளைப்பாறுவது. இரவெல்லாம் உழைத்துக் களைத்தவனின் வீட்டு முற்றத்தில் மேளம் அடித்துவிட்டு, அவன் எழுந்து வந்ததை வரவேற்பு என்று கொள்வாருண்டோ? படகுகள் பல சூழ்ந்து நெருக்கும்போது ஓங்கில் துள்ளுவதெல்லாம் களிப்பு என்று நாம் எவ்வாறு துணிந்து கூறுவது? இதே இனத்தின் உறக்கத்தைக் காக்கவே, ஹவாய்த் தீவுகளில் ஐம்பது யார் தூரத்துக்குள் எவரும் அவற்றை நெருங்கலாகாது என 2021ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசு விதி செய்தது. இலங்கையிலும் கடற் பாலூட்டிகளை அவதானிப்பதற்கான விதிகள் 2012ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுள்ளன. ஆனால், கரையில் எழுதப்பட்ட விதி கரையிலேயே நின்றுவிடுமாயின் அதனாற் பயனென்ன?

இனி, நமது கரைக்கே உரிய விலங்கைப் பற்றிச் சொல்வோம். தமிழர் அதனை ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் வழங்குவர். நம் கரையோரங்களிற் கடற்பன்றி என்ற பெயரும் உண்டு. மூன்று மீற்றர் வரை நீண்டு, பல நூறு கிலோகிராம் நிறையுடையதாய் வளரும் இப்பாலூட்டி, ஆழமற்ற கடலின் அடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரும். வந்த சுவடு தெரியாமல் மறையும். துள்ளாது, சுழலாது, படகைக் கண்டாற் கூடி வராது. ஓராண்டுக்கு மேலாகச் சூலுற்று ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் செல்லும். இத்தகைய விலங்கில் ஆண்டுக்குச் சிலவற்றை இழப்பதும் பேரிழப்பேயாகும்.

ஒரு காலத்தில் இது அரிய விலங்காக இருக்கவில்லை. கற்பிட்டிக் குடா தொடங்கி ஆதாம் பாலம் வரையுள்ள அமைதியான நீர்ப்பரப்பில் இவ்விலங்கு மிகுதியாகக் காணப்பட்டதை எமர்சன் தெனன்ற் 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலிற் பதிவு செய்துள்ளார். இன்றோ அதனைக் கண்டேன் என்பார் அரியர். திருக்கை வலையிற் சிக்கி மேலே வரமுடியாமல் மூச்சடைத்து இறந்தவை பல. வெடிவைப்பால் மாண்டவை பல. இறைச்சிக்காகக் கொல்லப்பட்டவை பல. சட்டம் அதைக் காக்கப்பட்ட விலங்கு என்கிறது; சந்தை அதை இறைச்சி என்கிறது. கடற்பன்றி என்ற பெயரிலேயே அதன் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது போலும்.

இவ்விடத்திற் கடற்சிங்கத்தையும் ஆவுளியாவையும் ஒருங்கே நினைக்கவைக்கும் வரலாறொன்று உண்டு. 1741ஆம் ஆண்டில், பேரிங் கடலின் குளிர்ந்த தீவொன்றிற் கப்பல் உடைந்து ஒதுங்கியவருள் ஸ்ரெல்லர் என்னும் இயற்கை ஆய்வாளரும் ஒருவர். அக்கரையில் இரு விலங்குகளை அவர் ஆராய்ந்து எழுதினார். ஒன்று, இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் பெருங் கடற்சிங்கம். மற்றையது ஆவுளியாவின் குடும்பத்தைச் சேர்ந்த, எட்டு மீற்றர் வரை நீண்ட கடற்பசு. கடற்சிங்கம் இன்றும் வாழ்கிறது. கடற்பசுவோ, மென்மயிர்த் தோலுக்காக அவ்வழி சென்ற வேட்டைக்காரரின் உணவாகி, 1768ஆம் ஆண்டளவில், கண்டறியப்பட்ட இருபத்தேழே ஆண்டுகளில், பூண்டோடு அற்றுப்போயிற்று. சாதுவாக மேயும் விலங்கு எவ்வளவு விரைவில் இல்லாமற் போகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நமது வாதத்துக்கு மறுப்புகள் எழும். கண்டால்தானே அன்பு பிறக்கும் என்பர் சிலர். அவ்வாறாயின், காணமுடியாத விலங்குக்கு வாழும் உரிமை இல்லையா? காட்சி தரும் உயிருக்கே காவல் என்பது கூத்தாடிக்கே சோறு என்பது போன்றதாகும். கடற்புல்வெளியை எவரும் படம்பிடித்துத் தொங்கவிடுவதில்லை. ஆயினும் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் தொட்டில் அதுவே. புத்தளம் களப்பை நம்பி வாழும் ஆயிரமாயிரம் குடும்பங்களின் உலையில் அரிசி வேகுவதற்கும் அப்புல்வெளிக்கும் தொடர்பு உண்டு.

வருமானம் வருகிறதே என்பர் வேறு சிலர். வருமானத்தை நாம் வெறுக்கவில்லை. வந்த வருமானம் யார் கையிற் சேர்கிறது, எவ்வளவு காலம் நிலைக்கிறது என்றே கேட்கிறோம். இம்மாவட்டம் இதற்கு முன்னரும் ஒரு பொற்காலம் கண்டது. 1980களில் இறால் வளர்ப்பு வந்தது. கண்டற் காடுகள் வெட்டப்பட்டுக் குளங்களாயின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. கைவிடப்பட்ட குளங்கள் பல உவர்நிலமாகக் கிடந்தன. முதலிட்டவர் வேறு தொழில் தேடிப் போயினர். உவர்நிலம் ஊராருக்கு எஞ்சியது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பாறைத் தொகுதி 1992இற் கடற் சரணாலயமாக்கப்பட்டது. 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறியபோது அங்கே பவளங்கள் வெளிறி மடிந்தன. விளம்பரப் பலகைகளுக்கு இந்த ஆண்டுகள் தெரியா.

குற்றமெல்லாம் மீனவருடையதே என்பது மூன்றாவது கூற்று. இதுவே மிகவும் வசதியானது. ஆகையால் மிகவும் ஐயத்துக்குரியது. வெடிவைப்போரை நாம் காக்க வரவில்லை. அவர் கடலுக்கும் பகைவர், தம் அயலவருக்கும் பகைவர். ஆனால் வலையிற் சிக்கிய ஆவுளியாவை விடுவிக்க வலையை அறுக்கவேண்டியவன் ஏழை. அறுந்த வலையின் விலையை யார் கொடுப்பது? இக்கரையின் உண்மையான சுழியோடிகள் உல்லாசப் பயணிகள் அல்லர்; கடலட்டைக்கும் சங்குக்குமாகக் காற்றுக் கலன் கட்டி நாள்தோறும் இறங்கும் இளைஞர்களே. ஆழத்திலிருந்து விரைந்து மேலெழும்போது குருதியில் நைதரசன் குமிழிகள் தோன்றி, மூட்டுகளை முடக்கி, சிலவேளை உயிரையும் கவர்கின்றன. இவர்கள் படம் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை. விலங்கின் உயிரைப் பற்றிப் பேசுபவர் இம்மனிதரின் உயிரைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்.

அவ்வாறாயிற் செய்யத்தக்கது யாது? கடற்புல்வெளிகளை வரையறுத்துக் காத்தல் வேண்டும். எங்கே, எப்போது, எவ்வகை வலை ஆகாது என்பதை மீனவர் சங்கங்களோடு இருந்து பேசித் தீர்மானித்தல் வேண்டும். விலங்கை விடுவிப்பதற்காக அறுத்த வலைக்கு ஈடு கொடுத்தல் வேண்டும். இவை ஆகாத கனவுகள் அல்ல. பாக்கு நீரிணையின் மறுகரையில், தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. அங்கே வலையிலிருந்து ஆவுளியாவை மீட்டுக் கடலில் விட்ட மீனவர் பாராட்டும் பரிசும் பெற்றுள்ளனர். அக்கரைக்கு இயன்றது இக்கரைக்கு ஏன் இயலாது?

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் இதனை எழுதுவதற்கும் காரணம் உண்டு. நமது கடலாய்வுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆங்கிலத்திலேயே உறங்குகின்றன. புல்வெளி எங்கே செழித்தது, எங்கே பட்டது, ஆவுளியா எந்தக் காற்றில் எந்தத் துறைக்கு வந்தது என்பன கற்பிட்டி முதியவரின் தமிழில் இன்னும் உயிரோடிருக்கின்றன. அவர் வாழ்நாளோடு அவையும் மறையும். விஞ்ஞான மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் ஒரு விடுமுறையை அத்துறைகளிற் கழித்து அவற்றை எழுதி வருவாராயின், அது பத்துக் கருத்தரங்குகளுக்கு ஈடாகும்.

குளிர்க்கடலின் கடற்சிங்கத்தை அங்கேயே இருக்கவிடுவோம், ஓங்கிலை உறங்கவிடுவோம். ஆவுளியா நம்மோடு விளையாட வராது. அது மேய்வதற்குப் புல்லும், மூச்செடுக்க வலையில்லா வழியும் இருந்தாற் போதும். அவ்விரண்டையும் விட்டுவைக்க மனமில்லாத நாம், கடலை நேசிப்பதாகக் கூறிக்கொள்வது நாணத்தக்கது.