நின்றுபோன ஃபைல்

ஆபீஸில் ஒரு புராஜெக்ட் பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபைல் பீரோவுக்கு மேலே போகும். அதில் பல்லி முட்டையிடும். மூன்று வருஷம் கழித்து ஆடிட்டர் கேட்டால், "அதப் பார்த்துக்கிட்டவர் ரிடையர் ஆயிட்டாரு சார்" என்போம்.

அப்படிப் பாதியில் நின்ற ஒரு ஆராய்ச்சி உலகத்துக்கே உபயோகமான கதை இது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 'லேடீஸ் மேட்டர்' என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் வாலிபர்கள் கொஞ்சம் உட்காரவும். இதற்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் பெரும்பாலும் உடலுறவில்தான் பரவுகிறது. அதாவது, கூரியர் சர்வீஸ் நாம்தான். 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 80 ஆயிரம் பெண்கள் இந்த நோயில் இறந்ததாகக் கணக்கு.

தடுப்பூசி உண்டு. ஆரம்பத்தில் மூன்று தடவை போடவேண்டும் என்றார்கள். விலையும் அதிகம். 'இரண்டு போதாதா?' என்று பார்க்க, பிரான்சில் லியோன் நகரத்து சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2009-ல் இந்தியாவில் களம் இறங்கியது. தலைமை டாக்டர் சங்கரநாராயணன். நம் ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை உள்பட ஒன்பது இடங்கள். ரத்தத்தைச் சோதிக்க ஜெர்மனியின் ஹைடல்பர்க், வைரஸைத் தேடத் திருவனந்தபுரம். பத்து முதல் பதினெட்டு வயதில் 20 ஆயிரம் பெண்களுக்கு ஊசி என்பது திட்டம்.

2010 ஏப்ரலில் அரசு 'நிறுத்து' என்றது. இவர்கள் செய்த தப்பு இல்லை. ஆந்திராவிலும் குஜராத்திலும் வேறோர் அமைப்பு இந்த வகை ஊசி போட்ட சிறுமிகளில் ஏழு பேர் இறந்துபோனார்கள். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இருப்பதாக விசாரணையில் தெரியவில்லை. ஆனால், பெற்றோர் போடவேண்டிய சம்மதக் கையெழுத்தை ஹாஸ்டல் வார்டன்கள் போட்டதெல்லாம் வெளியே வந்தது. ஜனங்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

அதற்குள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 17,729 பேர். அதில் 4,949 பேருக்கு ஒரே ஒரு ஊசி. அடுத்ததற்கு முன் கடையைச் சாத்தியாகிவிட்டது.

நாமாக இருந்தால் பீரோ, பல்லி. அவர்கள், "சரி, ஒரு ஊசி போட்ட பெண்களுக்கு என்ன ஆகிறது, அதையாவது பார்ப்போம்" என்றார்கள். லியோன், ஹைடல்பர்க், திருவனந்தபுரம், அம்பிளிக்கை என்று யாரும் கழன்றுகொள்ளவில்லை. வருஷா வருஷம் அந்தப் பெண்களைத் தேடிப் போனார்கள். கர்ப்பப்பை வாயில் மாதிரி எடுக்க, பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகவேண்டும். அல்லது முதல் குழந்தை பிறந்து ஆறு மாசம். விஞ்ஞானம் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தது அநேகமாக இதுதான் முதல் தடவை!

2021-ல் ரிசல்ட். 16, 18 என்று நம்பர் போட்ட இரண்டு பொல்லாத வகை வைரஸ்கள் உடம்பில் டேரா போடுவதை மூன்று ஊசி 93 சதவிகிதம் தடுத்தது. ஒற்றை ஊசி? 95. ஆக, ரெண்டும் ஒன்றுதான்.

'குருட்டு அதிர்ஷ்டம்' என்பீர்கள். கோஸ்டா ரிக்காவில் ஊசியைப் பாதியில் விட்ட பெண்களிடமும் இதே விடை. கென்யாவில் வேண்டுமென்றே ஒற்றை ஊசி போட்டுப் பார்த்தார்கள், அதுவும் பாஸ். 2022-ல் உலக சுகாதார நிறுவனம், சிறுமிகளுக்கு ஒரு ஊசி போட்டாலும் போதும் என்றது. ஒருத்திக்கு ஆன மருந்தில் இப்போது மூன்று பேர்.

வீட்டில் ஒன்பதிலிருந்து பதினாலு வயதுக்குள் பெண் இருந்தால் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்கள். மனைவிக்கு முப்பது தாண்டிவிட்டதா? பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், கேட்கமாட்டார்.

அப்புறம், நாளைக்கு ஆபீஸ் போனதும் அந்த பீரோவின் மேலே ஒரு பார்வை பாருங்கள். பல்லி முட்டைக்கு அடியில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது!