தடை யார் வயிற்றில் அடிக்கிறது?

2007 அக்டோபரில் அமெரிக்க சர்க்கார் ஈரானியப் புரட்சிக் காவல் படையின் குத்ஸ் பிரிவு மீது தடை விதித்தது. அந்நிய ஆயுதக் கும்பல்களுக்கு அது உதவுகிறது என்பது குற்றச்சாட்டு. 2019 ஏப்ரலில் படை முழுவதையுமே பயங்கரவாத ஸ்தாபனம் என்று பிரகடனம் செய்தது.

குற்றம் சாட்டுவது யார்? 1951-ல் எண்ணெயை தேசவுடைமையாக்கிய மொசாதேக்கின் சர்க்காரை 1953-ல் சதி செய்து கவிழ்த்தவர்கள். 1980-களில் ஆப்கானிஸ்தானத்திலும் நிகரகுவாவிலும் ஆயுதக் கும்பல்களுக்குப் பணமும் துப்பாக்கியும் கொடுத்தவர்கள். அவர்களுடைய சி.ஐ.ஏ.வுக்குத் தடை போட்டது யார்?

அதற்காக இந்தப் படையை நாம் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1983-ல் தூதே கட்சியைத் தடை செய்து கம்யூனிஸ்டுகளைச் சிறையில் அடைத்த ஆட்சியின் காவல் படை அது. 2018 நவம்பரில் ஹஃப்த் தப்பே சர்க்கரை ஆலைத் தொழிலாளர்கள் சம்பள பாக்கி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய தலைவர்களைக் கைது செய்ததும் அதே ஆட்சிதான்.

அந்தத் தொழிலாளிக்குத் தடையால் கிடைத்தது என்ன? அதே 2018-ல் எண்ணெய், வங்கித் தடைகள் திரும்பி வந்தன. ரியால் மதிப்பு விழுந்தது, விலைவாசி ஏறியது. மருந்துக்கு விலக்கு உண்டு என்றார்கள். பணம் அனுப்ப வங்கிகள் அஞ்சி மறுத்தன. தளபதி வீட்டு அடுப்பு அணையவில்லை. கூலிக்காரன் வீட்டு அடுப்புதான் அணைந்தது.

ஈரானிய ஆட்சியிடம் கணக்குக் கேட்க வேண்டியவர்கள் ஈரானிய உழைப்பாளிகள், வாஷிங்டன் அல்ல. தோழர்களே! தடையை எதிர்ப்போம். ஹஃப்த் தப்பே தொழிலாளியின் பக்கம் நிற்போம்.