நானூறு பேரா, நாற்பது லட்சமா?

'அப்பர் டென்' என்றோர் ஆங்கிலச் சொல் உண்டு. மேலே உள்ள பத்துப் பேர் என்று பொருள்கொள்ளத் தோன்றும். பத்துப் பேரல்ல, பத்தாயிரம் பேர்! நியூயார்க் நகரத்துச் சீமான்களைக் குறிக்க 1844-ல் 'மேல் பத்தாயிரம்' என்று எழுதினார் வில்லிஸ் எனும் பத்திரிகையாளர். நாளடைவில் 'ஆயிரம்' உதிர்ந்தது. 'மேல் பத்து' நிலைத்தது.

பத்தாயிரமும் அதிகம் என்று பட்டது, சீமான்களுக்கு! 1888-ல் வார்டு மெக்அலிஸ்டர் என்பவர், நாகரிகச் சமுதாயம் என்பது ஏறத்தாழ நானூறு பேர்தான் என்றார். யார் இவர்? ஆஸ்டர் சீமாட்டியின் விருந்துக்கு யாரை அழைப்பது, யாரை ஒதுக்குவது என்று யோசனை சொல்லி வந்தவர்! அன்று முதல் 'நானூறு' என்றாலே உச்சாணிக் கொம்பினர் என்று பொருளாயிற்று. 1892-ல் பட்டியலும் பத்திரிகையில் வெளிவந்தது. எண்ணிப் பார்த்தால், நானூறுகூடத் தேறவில்லை!

அதே 1892-ல் நடந்ததென்ன? பென்சில்வேனியாவில், கார்னகியின் ஹோம்ஸ்டெட் உருக்காலை. கூலிக் குறைப்பை ஏற்க மறுத்த தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவடைத்தது நிர்வாகம். ஜூலை 6-ல் ஏறத்தாழ 300 கூலிக் காவலர், துப்பாக்கியுடன் படகேறி வந்தனர். இருபுறமும் பிணங்கள் விழுந்தன. இறுதியில் சங்கம் முறியடிக்கப்பட்டது. விருந்துக்கு வந்தோரைப் பெயர் பெயராக எண்ணிய நாடு, உருக்கை வார்த்தோரை அந்தக் கணக்கில் சேர்த்ததா? இல்லை!

மறுகணக்குப் போட்டவர் கதாசிரியர் ஓ. ஹென்றி. 1906-ல் தம் கதைத் தொகுதிக்கு 'நாற்பது லட்சம்' என்றே பெயரிட்டார். நகரமென்றால் நானூறு பேரா? கடைப்பெண்ணும் குமாஸ்தாவும் வண்டியோட்டியும் மனிதரில்லையா? இதுதான் அந்தப் பெயரின் பொருள்.

2011 செப்டம்பரில் அதே நியூயார்க்கில், வால் தெருவருகே கூடியவர்கள் முழங்கினர்: "நாங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர்!" மேலிருப்போர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரல்ல இது, கீழிருப்போர் தமக்கே சூட்டிய பெயர். 'ஒரு சதவீதம்' என்ற சொல் உலகெங்கும் பரவியது. ஆனால் நவம்பர் 15-ல் போலீஸ் அந்தப் பூங்காவைக் காலி செய்தது. முழக்கம் நின்றது, கூடாரம் நிற்கவில்லை.

தோழர்கள் இதை எண்ணிப் பார்த்திட வேண்டும். சொல்லுக்குப் பொருளை அகராதி கூறும். கணக்கெடுத்தவன் யார், கணக்கில் விடுபட்டவன் யார் என்பதை அகராதி கூறாது. நாம்தான் கேட்டாக வேண்டும். 'நாடு செழிக்கிறது' என்று எவரேனும் சொன்னால், கேளுங்கள்: உங்கள் கணக்கில் நானூறு பேரா, நாற்பது லட்சமா? கேட்பதோடு நிற்காதீர்கள்! எண்ணிக்கை நம்மிடம் உண்டு. அதை வலிவாக்குவது அமைப்பு ஒன்றே!